காற்றில் திரும்பி வந்த பந்து

2025 ஜனவரி. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தை ஒட்டிய ஒரு டீக்கடை. சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். பயிற்சி முடித்த பையன்கள் ஸ்டாக்கிங்ஸைக் கணுக்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவன் கையில் போன்.

“அண்ணாச்சி, இருபத்தோரு வயசுப் பையனக் குடுத்துட்டு முப்பத்தோரு வயசு ஆளக் கூட்டியாந்திருக்கானுவ. இது என்ன கணக்கு?”

கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “சீசன் முடியட்டும்டே. அப்ப சொல்லுதேன்.”

அவன் கேட்டது ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் ஃபுட்பாலில் ஆடும் ‘சென்னையின் எஃப்.சி.’ என்ற அணியைப் பற்றி. அந்த மாதத்து டிரான்ஸ்ஃபர் காலத்தில் அங்கே இருந்த பிகாஷ் யும்னம் கொச்சி அணியான கேரளா பிளாஸ்டர்ஸுக்குப் போனார். பிளாஸ்டர்ஸில் இருந்த பிரீதம் கோட்டல் சென்னைக்கு வந்தார். இருவரும் தடுப்பாட்டக்காரர்கள். கோட்டல் இந்தியாவுக்காக நிறைய ஆடியவர், கேப்டன் பொறுப்பு பார்த்தவர். யும்னம் இனிமேல்தான் வளர வேண்டியவர். இந்த மாதிரி மாற்றத்தை எல்லோரும் ஸ்வாப் என்கிறார்கள்.

நம்ம ஊரில் இந்த ஸ்வாப் கிளப்பிய அளவுக்கு வேறெங்கும் சண்டை கிளப்பியிருக்குமா என்று தெரியவில்லை. காரணம் இரண்டு ரயில்கள். திருநெல்வேலியிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். கொச்சி ஏறக்குறைய அதில் பாதி. ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர். அதே ராத்திரி பாலருவியில் ஏறினால் தென்காசி, செங்கோட்டை, புனலூர் வழியாக மலையைத் தாண்டி எர்ணாகுளம். இரண்டு பக்கமும் போய்ச் சேருகிற மைதானத்துக்குப் பெயர் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம்தான். ஒன்று பெரியமேட்டில், இன்னொன்று கலூரில். அதனால் தென்காசிப் பக்கத்துப் பையன்களில் பலர் பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டைக்காரர்கள், பாளையங்கோட்டையில் சென்னையின் நீலம் கூடுதல், மேலப்பாளையத்தில் ஒரே வீட்டில் அண்ணன் நீலம் தம்பி மஞ்சள். நான் நெல்லை எக்ஸ்பிரஸ் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த வாரத்துப் பேச்சில் இரண்டு புகார்கள் தனித்தனியாக ஓடின. ஒன்று, இப்படி ஒரு ரிஸ்க்கான ஸ்வாப் தேவையா என்பது. இன்னொன்று பழைய புகார், எந்தக் கோச் வந்தாலும் புதிதாகக் கிளம்புவது: ஒரு கோல் முன்னே போய்விட்டால் எல்லோரும் பின்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், ஜெயிக்கவேண்டிய மேட்ச் டிராவில் முடிகிறது என்பது. முதலாவது துணிச்சல் அதிகமாகிவிட்டது என்கிறது. இரண்டாவது துணிச்சல் போதவில்லை என்கிறது. ஒரே ஆள் ஒரே டீ குடித்து முடிப்பதற்குள் இரண்டையும் சொல்கிறார். அவர் முரண்படுவதாக நான் நினைக்கவில்லை. இரண்டும் ஒரே கேள்வி. ஆளை மாற்றுவது எப்படி ஆடப்போகிறோம் என்பதோடு சேர்த்து எடுக்கவேண்டிய முடிவு. அதைப் பிரித்துப் பேசும்போதுதான் கணக்கு தப்புகிறது.

முதலில் ஸ்வாப் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவில் முட்டை வடிவப் பந்தில் ஆடும் ஆட்டத்துக்கும் ஃபுட்பால் என்றுதான் பெயர். அங்கே என்.எஃப்.எல். லீக்கில் ஓர் அணி தன் ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தையே இன்னோர் அணிக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம். ஒப்பந்தத்தில் தனி விதி எழுதி வைத்திருக்கும் சிலரைத் தவிர மற்றவர்கள் மறுநாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பவேண்டியதுதான். நம் ஆட்டத்தில் அப்படி முடியாது. ஸ்வாப் என்று நாம் ஒரே வார்த்தையில் சொன்னாலும் காகிதத்தில் அது இரண்டு டிரான்ஸ்ஃபர். இரண்டு கிளப்பும் சம்மதிக்கவேண்டும். இரண்டு ஆட்டக்காரர்களும் புதிய கிளப்போடு தனித்தனியே சம்பளம் பேசிக் கையெழுத்துப் போடவேண்டும். நாலு பேரில் ஒருவர் மாட்டேன் என்றாலும் காரியம் நடக்காது. ஒப்பந்தம் முடிந்துவிட்டால் ஆட்டக்காரர் யாருக்கும் பணம் கட்டாமல் போகலாம். 1995-இல் பெல்ஜிய ஆட்டக்காரர் போஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பிலிருந்து வந்த வழக்கம் இது. அதனால் ஒப்பந்தம் முடிய ஒன்றரை வருஷம், ஒரு வருஷம் இருக்கும்போதே கிளப்புகளுக்குப் பதற்றம் வந்துவிடும். இன்றைக்கு மாற்றினால் ஏதாவது கிடைக்கும், அடுத்த வருஷம் சும்மா போய்விடுவார்.

விலை? ஐ.எஸ்.எல்.லில் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியாது, அதே மாதிரி. நாம் வெளியே நின்று, ஏமாந்துட்டானுவ என்கிறோம். துண்டுக்குள் என்ன நடந்தது என்று தெரியாமலே. டீக்கடையில் பேசும்போது இந்த ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம்.

ஆனால் சில கணக்குகள் வெளியிலிருந்தே தெரியும். 2021–22 சீசனிலிருந்து ஐ.எஸ்.எல்.லில் ஓர் அணி ஒரே நேரத்தில் 4 வெளிநாட்டவரைத்தான் களத்தில் வைக்கலாம். அதற்கு முன் 5 பேர். அந்த நாலு இடங்களைக் கிளப்புகள் பெரும்பாலும் கோல் அடிக்கிறவருக்கும், நடுவில் பந்தைப் பங்கிடுகிறவருக்கும், தடுப்பில் ஒரு தூணுக்கும் கொடுத்துவிடும். மீதி 7 பேரும் இந்தியர்கள். அவர்களில் முதிர்ந்த, தவறு குறைவாகச் செய்கிற தடுப்பாட்டக்காரர் கிடைப்பது கஷ்டம். அதனால்தான் 31 வயது கோட்டலுக்கு மதிப்பு. அதே காரணத்தால் 21 வயது யும்னத்துக்கும் மதிப்பு: இன்னும் பத்து வருஷத்துக்கு அந்த ஓர் இடத்தைப் பற்றிக் கவலைப்படவேண்டாம். சென்னை வாங்கியது அந்த சீசனுக்கான பாதுகாப்பு. கொச்சி வாங்கியது பத்து வருஷத்து நம்பிக்கை. அப்படியானால் யார் ரிஸ்க் எடுத்தது? கொச்சிதான் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தவறு செய்யாத ஆள் வேண்டும் என்று எதிர்காலத்தைக் கொடுப்பதும் ரிஸ்க்தான். அது உடனே கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

முடிவு என்ன ஆனது? அந்த மாதம் 30-ஆம் தேதி சென்னையில் பிளாஸ்டர்ஸிடம் 1–3 என்று தோற்றோம். சீசன் முடிந்தபோது 13 அணிகளில் பிளாஸ்டர்ஸ் 8-ஆவது, நாங்கள் 11-ஆவது. கப்புக்கான பிளேஆஃபுக்குப் போகிற முதல் 6 இடங்களுக்குள் இருவருமே இல்லை. டீக்கடையில் யாருக்கும் யாரையும் அடக்க வழியில்லாமல் போயிற்று.

இதைவிடத் தெளிவான உதாரணம் 2022 ஜனவரியில் இருக்கிறது. நெரியஸ் வால்ஸ்கிஸ் என்ற லிதுவேனியக்காரரை மறந்திருக்கமாட்டீர்கள். 2019–20-இல் சென்னைக்கு 15 கோல் அடித்து, அதிக கோலுக்கான கோல்டன் பூட் வாங்கியவர். அந்த சீசன் பாதியில் வந்த கோச் ஓவன் காய்ல், கீழே கிடந்த அணியை ஃபைனல்வரை கொண்டுபோனார். அடுத்த வருஷம் கோச்சும் வால்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார்கள். 2022 ஜனவரியில் அதே காய்ல், அதே வால்ஸ்கிஸை விட்டுக்கொடுத்தார். அவர் சென்னைக்கே திரும்பி வந்தார். ஜாம்ஷெட்பூர் அவர் இடத்தில் எடுத்தது ஈஸ்ட் பெங்காலில் கோல் அடிக்கத் திணறிக்கொண்டிருந்த நைஜீரியக்காரர் டேனியல் சிமாவை.

காகிதத்தில் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். கோல்டன் பூட்காரரைக் கொடுத்துவிட்டு, கோல் வராத ஆளை எடுப்பதா? ஆனால் அந்த சீசன் லீக்கில் முதலிடத்துக்குத் தரும் ஷீல்டை ஜாம்ஷெட்பூர் 43 புள்ளிகளோடு வாங்கியது. சென்னை 8-ஆவது இடம். வால்ஸ்கிஸ் கெட்டுப்போய்விடவில்லை. ஜாம்ஷெட்பூர் அந்த நேரத்தில் ஆடிக்கொண்டிருந்தது வேகமான, நேராகப் போய் இடிக்கிற ஆட்டம்; அதற்கு முன்னால் ஓடுகிற, தோளால் இடம்பிடிக்கிற ஆள் வேண்டும். சிமா அந்த ஆள். வால்ஸ்கிஸ் வந்துசேர்ந்த அணியில் அவருக்குப் பந்தே சரியாக வரவில்லை. கோலுக்கு முன்னால் இருக்கிற பாக்ஸுக்குள் பந்து வந்தால்தானே அவர் வால்ஸ்கிஸ்.

இங்கேதான் கோச் விஷயம் வருகிறது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

2020–21 சீசன் முழுவதும் கொரோனாவால் கோவாவில், ஆளில்லாத மைதானங்களில் நடந்தது. சென்னைக்கு 20 மேட்ச்: 3 வெற்றி, 11 டிரா, 6 தோல்வி. அடித்த கோல் மொத்தம் 17. அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் போனில் பார்த்தது இதைத்தான். 0–0 முடிந்து ரீப்ளே ஓடும்போது வீட்டில், “இன்னும் முடியலையா?” என்று கேட்பார்கள். கோச்சைத் திட்டாதவர் இல்லை. ஆனால் முழுப்பழியும் கோச்சுக்கு இல்லை. பிரேசில்காரர் ரஃபேல் கிரிவெல்லாரோ காயத்தில் வெளியே போனபின் கடைசி பாஸ் கொடுக்க ஆளில்லை. டிரா நிறைய ஆனால் கோச் பயந்தவர் என்று அர்த்தமில்லை. கோல் விழாததும் டிராதான்.

அதே சீசனின் பட்டியலை வேறு விதமாகப் பாருங்கள். ஹைதராபாத் 20 மேட்சில் தோற்றது வெறும் 3. ஆனால் 11 டிரா. மொத்தம் 29 புள்ளி, 5-ஆவது இடம், அப்போது முதல் 4 அணிகளுக்கு மட்டுமே இருந்த பிளேஆஃபுக்குப் போகவில்லை. மும்பை 4 மேட்ச் தோற்றது, அதாவது ஹைதராபாதைவிட ஒன்று கூடுதல். ஆனால் 12 வெற்றி, 4 டிரா. 40 புள்ளி. ஷீல்டும் அவர்களுக்கு, கப்பும் அவர்களுக்கு. கூடுதலாகத் தோற்றவன் முதலிடம். குறைவாகத் தோற்றவன் வீட்டுக்கு. பையன்களிடம் இதைச் சொல்லும்போது முதலில் நம்பமாட்டார்கள், விரல் விட்டு எண்ணிப் பார்ப்பார்கள்.

காரணம் சின்ன கணக்கு. முன்பெல்லாம் வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. ஒரு வெற்றி, ஒரு தோல்வி என்றாலும் 2. இரண்டு டிரா என்றாலும் 2. அப்போது பின்னால் உட்கார்ந்து ஆடுவதில் நஷ்டம் இல்லை. 1981-இல் இங்கிலாந்து லீக் வெற்றிக்கு 3 புள்ளி என்று மாற்றியது. 1994 உலகக் கோப்பையில் ஃபிஃபாவும் மாற்றியது. பிறகு உலகம் முழுக்க அதுவே. அதற்குப்பின் இரண்டு டிராவுக்கு 2 புள்ளி, ஒரு வெற்றி ஒரு தோல்விக்கு 3. 1–1 என்று நிற்கும் மேட்சில் கடைசிப் பத்து நிமிஷம் துணிந்து ஏறி ஆடுகிறீர்கள் என்று வையுங்கள். மூன்று தடவை அப்படி ஏறி, இரண்டு தடவை கோல் வாங்கித் தோற்று, ஒரு தடவை ஜெயித்தாலும் 3 புள்ளி. மூன்று தடவையும் பத்திரமாக டிரா செய்தாலும் அதே 3 புள்ளி. மூன்றில் ஒரு தடவைக்கு மேல் ஜெயிக்க முடியும் என்று நம்பினால் ஏறுவதுதான் கணக்கு. நாக்-அவுட்டில் இது பொருந்தாது, அங்கே ஒரு தோல்வியோடு கதை முடிந்தது. லீக்கில் பொருந்தும். அதுவும் கீழே இறக்கிவிடும் முறை இல்லாமலே இத்தனை வருஷம் ஓடிய ஐ.எஸ்.எல்.லில் கூடுதலாகப் பொருந்தும். இங்கிலாந்தில் கடைசி இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அணிக்கு ஒரு புள்ளி உயிர். அது இல்லையென்றால் கீழ்ப் பிரிவு. இங்கே அத்தனை வருஷமும் 9-ஆவதாக முடித்தாலும் 10-ஆவதாக முடித்தாலும் அடுத்த வருஷம் அதே லீக்தான்.

சரி, இவ்வளவு தெளிவான கணக்கு கோச்களுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் கிளப்பின் கணக்கும் கோச்சின் கணக்கும் வேறு வேறு. கிளப்புக்கு 20 மேட்ச், 24 மேட்ச், அதற்குப் பின்னும் பல வருஷம். கோச்சுக்கு அடுத்த மேட்ச். சென்னையில் 2019 நவம்பரிலிருந்து 2022 நடுவரைக்கும் ஜான் கிரிகோரி, காய்ல், சாபா லாஸ்லோ, பொசிதார் பந்தோவிச், தாமஸ் பிரதாரிச் என்று ஐந்து பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். பந்தோவிச்சை கோவாவிடம் 0–5 தோற்றதும் அனுப்பினார்கள். இப்படி ஒரு நாற்காலியில் உட்காருகிறவர் 0–0-வை ஏன் வெறுக்கப்போகிறார்? ஏறி ஆடி 2–3 தோற்றால் கோச் முட்டாள். பின்னால் உட்கார்ந்து 0–1 தோற்றால், பசங்க போராடினாங்க. இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் சந்தோஷத்தைவிடப் பெரிது என்று கானமன், டிவெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் எழுதினார்கள். விரலைச் சுட்டுக்கொண்டவன் அடுப்பைப் பார்க்கிற பார்வை. ஆகவே கோச்சைப் பயந்தாங்கொள்ளி என்று திட்டுகிற நாமும் அந்தப் பயத்துக்குப் பங்காளிகள். நாலு மேட்ச் தோற்றதும் ஆளை மாத்து என்று கத்துவது நாம்தான்.

இனி என் கதை. ராதாபுரம் பக்கம் எங்கள் ஊர். ஆனி, ஆடியில் அங்கே காற்று சும்மா அடிக்காது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பிய்த்துக்கொண்டு வரும். அதை நம்பித்தான் அந்தப் பக்கம் முழுக்கக் காற்றாலை நட்டிருக்கிறார்கள். எங்கள் மைதானம் கிழக்கு மேற்காக நீண்டது. செம்மண். ஒரு கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் பனைகள், இன்னொன்றுக்குப் பின்னால் ஒரு காற்றாலை. அந்த மைதானத்தில் டாஸ் ஜெயித்தவன் எடுக்கிற முடிவு ஒன்றே ஒன்று: காற்றோடு முதல் பாதி ஆடுவதா, இரண்டாம் பாதி ஆடுவதா.

எனக்குப் பத்தொன்பது வயது, ரைட் பேக், அதாவது வலது பக்கத் தடுப்பாட்டக்காரன். அந்த வருஷத்து டோர்னமென்ட்டுக்கு மூன்று வாரம் முன்னால் எங்கள் டீமில் ஒரு மாற்றம் நடந்தது. கடற்கரை ஊர்களில் ஆள் இறக்குவது புதிதல்ல. வெளியூர் ஆளைச் சாப்பாடு, பஸ் காசு, கைச்செலவு கொடுத்துக் கூட்டிவந்து ஆடவைப்பார்கள். ஆனால் அன்றைக்கு நடந்தது நிஜமான ஸ்வாப். எங்கள் லெஃப்ட் விங், பதினேழு வயதுப் பையன், ஓடினால் பிடிக்கமுடியாது, ஆனால் பந்தை இழப்பான். அவனைக் கடற்கரை ஊர் டீம் ஒன்று கேட்டது. பதிலுக்கு ஒரு ஸ்டாப்பர் தந்தார்கள்: நல்ல உயரம், தலைக்கு மேல் எதையும் விடமாட்டார், முப்பது தாண்டியவர். எங்கள் கோச் ரிட்டயர் ஆன ஒரு பி.டி. சார். தங்கமான மனிதர், எனக்குப் பூட்ஸ் வாங்கித் தந்ததே அவர்தான். “இனி கோல் வாங்கமாட்டோம்டே” என்றார். எங்களுக்கும் சந்தோஷம்.

உண்மையாகவே ஃபைனல்வரை ஒரே கோல்தான் வாங்கினோம். ஃபைனலில் டாஸ் ஜெயித்து, காற்றோடு முதல் பாதி எடுத்தோம். அரை மணி நேரத்தில் 2–0. ஒன்று நாற்பது கஜத்திலிருந்து அடித்த ஃப்ரீ கிக், காற்றே உள்ளே கொண்டுபோய்விட்டது. இடைவேளையில் கோச் சொன்னார்: “ரெண்டு கோல் இருக்கு. காத்து எதிர்த்து வருது. யாரும் ஏறவேண்டாம். எல்லாரும் உள்ளே நில்லுங்க, பந்த வெளிய அடிச்சா போதும்.” மீதியிருந்த ஒரே ஃபார்வர்டையும் எடுத்துவிட்டு இன்னொரு பேக்கை இறக்கினார். கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது.

பந்து வெளியே போகவில்லை. கீப்பர் கோல் கிக் அடித்தால் அது மேலே ஏறும், உச்சியில் ஒரு கணம் நிற்கும், பிறகு எங்கள் பக்கத்துக்கே திரும்பி இறங்கும். ஸ்டாப்பர் முட்டினால் பத்து கஜம் போகும், அதை அவர்கள் எடுத்துத் திரும்ப அனுப்புவார்கள், அவர் திரும்ப முட்டுவார். இருபது நிமிஷம் இதே. கண்ணில் செம்மண். அவர் நெற்றியில் பந்தின் அச்சு மண்ணாக ஒட்டியிருந்தது எனக்கு இன்றைக்கும் தெரிகிறது. மூச்சு வாங்க ஒரு நிமிஷம் கிடைக்கவில்லை, ஏனென்றால் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ள மேலே யாருமே இல்லை. நான் பந்தை எடுத்துத் தலை நிமிர்ந்தால் எதிரே நீல வானமும் காற்றாலையும்தான். அவர்களுடைய இரண்டு பேக்கும் எங்கள் பாக்ஸுக்கு வெளியே நின்று ஷாட் அடித்துக்கொண்டிருந்தார்கள். 2–1, 2–2. கடைசி நிமிஷத்தில் 2–3.

அன்றைக்கு ஸ்டாப்பர் எங்கள் டீமிலேயே நன்றாக ஆடியவர். அவரை வாங்கியது தப்பு என்று ஊரில் பேசினார்கள். கோச் பயந்துவிட்டார் என்றும் பேசினார்கள். வருஷக்கணக்காக இதை நினைத்துப் பார்த்தபின் எனக்குப் புரிந்தது இது: ஸ்டாப்பர் நல்ல ஆள், பின்னால் நிற்பதும் சில நேரம் நல்ல யோசனை, இரண்டும் சேர்ந்தபோதுதான் அணி செத்தது. ஓடக்கூடிய ஒரு பையன் மேலே நின்றால் எதிரணி இரண்டு பேரைப் பின்னால் நிறுத்தித்தான் ஆகவேண்டும். அவனை நாம் எடுத்தால் அந்த இரண்டு பேரும் நம் பாக்ஸுக்கு வருகிறார்கள். தடுக்க ஓர் ஆள் கூட்டினோம், அடிக்க அவர்களுக்கு இரண்டு ஆள் கொடுத்தோம். அந்தப் பதினேழு வயதுப் பையன் பந்தையே தொடாமல் இடது கோட்டில் நின்றிருந்தாலும் நாங்கள் ஜெயித்திருப்போம் என்று நான் நம்புகிறேன்.

இதே விஷயம் உலகத்தின் பெரிய மைதானத்தில் நடந்தது, ஆனால் தலைகீழாக. 2009-இல் பார்சிலோனா சாமுவேல் எட்டோவையும் கூடவே 4 கோடி யூரோவுக்கு மேல் பணத்தையும் இன்டர் மிலானுக்குக் கொடுத்து ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச்சை வாங்கியது. இப்ராஹிமோவிச் அந்த வருஷம் லீக்கில் 16 கோல் அடித்தார், பார்சிலோனா லீக்கையும் ஜெயித்தது. ஆனால் அடுத்த வருஷமே அவர் போய்விட்டார். அவர் நிற்கும் இடமும் மெஸ்ஸி வந்து நிற்கவேண்டிய இடமும் ஒன்றாகிப்போனது. 2010 ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீக் செமி ஃபைனலில் இரண்டு அணிகளும் மோதின. இரண்டாவது மேட்ச், பார்சிலோனாவில். 28-ஆவது நிமிஷத்தில் இன்டரின் தியாகோ மோட்டாவுக்கு ரெட் கார்டு. பத்து பேர். இன்டர் கோச் மொரீனியோ எல்லோரையும் பின்னால் இழுத்தார். உலகத்தின் சிறந்த ஃபார்வர்டுகளில் ஒருவரான எட்டோ தன் பாக்ஸ் ஓரத்தில் நின்று பேக் மாதிரி தடுத்தார். 0–1 தோற்று, மொத்தத்தில் 3–2 என்று ஃபைனலுக்குப் போனார்கள், கப்பும் வாங்கினார்கள்.

தற்காப்புக்கு உதாரணமாக இந்த மேட்ச்சைத்தான் எல்லோரும் சொல்வார்கள். முதல் மேட்ச்சை மறந்துவிடுவார்கள். மிலானில் நடந்த அந்த மேட்ச்சில் இன்டர் ஏறி ஆடி 3–1 ஜெயித்தது. அந்த மூன்று கோல் இல்லாமல் இரண்டாவது மேட்ச்சில் காக்க என்ன இருந்தது? எட்டோவை வாங்கியது புத்திசாலித்தனமான வியாபாரம் என்று இன்று சொல்கிறோம். அவரை வைத்து முதலில் அடித்து, தேவைப்பட்டபோது தடுக்கவும் வைத்த கோச் இருந்ததால்தான் அது அப்படி ஆனது.

நம்ம சென்னைக்கும் அப்படி ஒரு வருஷம் உண்டு. 2017–18-இல் ஜான் கிரிகோரியின் அணி பகட்டாக ஆடியதில்லை. கட்டுக்கோப்பான தடுப்பு, கார்னர் கிடைத்தால் விடுவதில்லை. ஃபைனல் பெங்களூரில், அவர்கள் மைதானத்தில். 9-ஆவது நிமிஷத்திலேயே சுனில் சேத்ரி கோல் அடித்துவிட்டார். மைல்சன் ஆல்வெஸ், ஒரு தடுப்பாட்டக்காரர், இரண்டு கார்னரில் இரண்டு தடவை தலையால் அடித்தார். ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது. 3–2. ஜாக்கிரதையான அணி, ஆனால் பயந்த அணி இல்லை. பின்னால் நிற்கிற ஆளையும் கோல் அடிக்க மேலே அனுப்பத் தெரிந்திருந்தது. ஆட்களை மாற்றியும் மாற்றாமலும் அடுத்த சீசன் அதே கோச் 9 புள்ளியோடு கடைசி இடம். ஆகவே நான் ஒரு கோச்சையோ ஒரு பாணியையோ தூக்கிப்பிடிக்கவில்லை. வாங்குகிற ஆளும் ஆடுகிற விதமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

அடுத்த டிரான்ஸ்ஃபர் செய்தி வரும்போது டீக்கடையில் கேட்க எனக்கு இரண்டே கேள்வி இருக்கிறது. இந்த ஆள் வந்தால் எதிரணி எத்தனை பேரைப் பின்னால் நிறுத்தவேண்டிவரும்? போகிற ஆள் போனால் எத்தனை பேர் விடுதலை ஆகி நம் பக்கம் வருவார்கள்? வயதையும் பணத்தையும் அப்புறம் பேசலாம். இதை அந்தப் போன்காரப் பையனிடம் சொன்னேன். “அப்ப கோட்டல வாங்குனது சரின்னு சொல்லுதியளா, தப்புன்னு சொல்லுதியளா?” என்றான். அவர் நடுக்கோட்டைத் தாண்டி ஏறுவதற்குக் கோச் இடம் கொடுத்தால் சரி, கொடுக்காவிட்டால் நல்ல பையன் ஒருவனை இழந்தோம் என்றேன். அவனுக்குத் திருப்தி இல்லை. மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் சிரித்தான். “யும்னம் பாருங்க அண்ணே, இன்னும் பத்து வருசம்” என்றான்.

போன வாரம் மறுபடி அந்த மைதானத்துக்குப் போயிருந்தேன். பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள் கார்னர் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். தடுக்கிற பக்கத்தில் பத்து பேர் பாக்ஸுக்குள். ஒல்லியான ஒருவன் மட்டும் நடுக்கோட்டில், வலது காலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றான். “நானும் வரட்டுமா சார்?” என்று கத்தினான். கோச் தலையை ஆட்டினார்: “அங்கயே நில்லு!” அவனுக்கு இரண்டு பக்கமும், அடிக்கிற அணியின் பையன்கள் இரண்டு பேர், கார்னருக்குப் போகமுடியாமல், அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.